16 இன்டர்வியூ அழைப்பு வந்தால் 16-க்கும் போகணுமா? அமெரிக்க ரெசிடென்சி கணக்கு என்ன சொல்கிறது?

டிசம்பர் மாதம், இரவு மணி 9.30. ஈரோட்டில் ஒரு வீட்டின் மாடி அறை. லேப்டாப் முன்னால் ஓர் இளம் மருத்துவர். மேலே கோட்டு, டை. கேமராவில் தெரியாத கீழ்ப்பாதிக்கு லுங்கி. ஹாலில் டிவி சத்தத்தை குறைக்கச் சொல்லி ஏற்கெனவே உத்தரவு போட்டாச்சு. கலிஃபோர்னியாவில் அப்போது காலை 8 மணி. அங்கே ஒரு மருத்துவமனையின் இன்டர்வியூ தொடங்கப் போகிறது. இவருக்கு இது பதினொன்றாவது. இன்னும் ஐந்து பாக்கி.

அதே நேரத்தில் மதுரையில், இவருடன் ஒரே பெஞ்சில் படித்த இன்னொரு மருத்துவர் மெயிலை ரிஃப்ரெஷ் செய்துகொண்டிருக்கிறார். அதே பரீட்சை, ஏறக்குறைய அதே மார்க். இவருக்கு வந்த அழைப்புகள் இரண்டே இரண்டு.

இருவருமே நம் கற்பனைதான். ஆனால், அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு முயற்சி செய்யும் மருத்துவர் யாராவது உங்கள் வாட்ஸ்அப் காண்டாக்ட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டு பேரையுமே தெரியும் என்பார்.

முதலாமவருக்கு ஒரு கேள்வி: மீதி ஐந்துக்கும் போகணுமா? இரண்டாமவருக்கு வேறு கேள்வி: இரண்டு போதுமா? கேட்பதற்கு எளிமையான கேள்விகள். ஆனால், ஒருவருடைய பதில் இன்னொருவருடைய வாய்ப்பைத் தொடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதல்ல, இந்த 'மேட்ச்' என்றால் என்ன?

இங்கே எம்.டி., எம்.எஸ். சீட் வேண்டுமென்றால் நீட் பி.ஜி. எழுதுகிறோம். ரேங்க் வருகிறது. கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் செய்கிறோம். உங்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ரேங்க் பேசும்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்த நம்மூர் மருத்துவர் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளை எழுதி, வெளிநாட்டு மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் பெற வேண்டும். பிறகு ஒவ்வொரு மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பயிற்சித் திட்டத்தைத்தான் 'ப்ரோகிராம்' என்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் ப்ரோகிராம்களின் கைக்குப் போகும். அக்டோபர் முதல் ஜனவரி வரை இன்டர்வியூ சீசன்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் வித்தியாசமானது. ஐ.டி. கம்பெனி மாதிரி 'யூ ஆர் செலக்டட்' என்று யாரும் ஆஃபர் லெட்டர் அனுப்ப மாட்டார்கள். இன்டர்வியூ முடிந்த இடங்களை நீங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்தி ஒரு ரேங்க் லிஸ்ட் கொடுக்கிறீர்கள். ப்ரோகிராம்களும் தாங்கள் பார்த்த மருத்துவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கின்றன. இரண்டையும் கணினி பொருத்துகிறது. இதை நடத்துவது என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பு. மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை 'மேட்ச் டே'. யாருக்கு எந்த ஊர் என்று அன்றுதான் தெரியும்.

வந்த இடம் பிடிக்கவில்லை என்று சாதாரணமாக ஒதுங்கிவிட முடியாது. லிஸ்ட்டில் போட்டால், கிடைத்தால் போயே ஆக வேண்டும். அது ஒப்பந்தம்.

கணினி எப்படிப் பொருத்துகிறது?

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1940-களில் அமெரிக்க மருத்துவமனைகள் நல்ல மாணவர்களைப் பிடிக்க ஒன்றோடொன்று முட்டி மோதின. படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே ஆள் எடுத்தார்கள். பிறகு, சில மணி நேரத்துக்குள் பதில் சொல்லு, இல்லையென்றால் ஆஃபர் போச்சு என்று நெருக்கினார்கள். அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 1952-ல் மேட்ச் முறை வந்தது. இப்போது நடைமுறையில் உள்ள கணக்கு முறையை 1990-களில் வடிவமைத்தவர்களில் ஒருவர் ஆல்வின் ராத். இந்த வகைப் பொருத்தங்கள் பற்றிய ஆய்வுக்காக அவருக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

முறை இதுதான். உங்கள் லிஸ்ட்டில் முதலிடத்தில் 'அ' மருத்துவமனை இருக்கிறது. கணினி முதலில் உங்களை அங்கே உட்கார வைத்துப் பார்க்கும். அந்த மருத்துவமனையின் லிஸ்ட்டில் உங்களுக்கு மேலே இருக்கும் ஒருவர் பிறகு வந்து, இடமும் இல்லையென்றால், நீங்கள் எழுந்திருக்க வேண்டும். உடனே கணினி உங்களை இரண்டாவது விருப்பமான 'ஆ'வுக்குக் கூட்டிப்போகும். அங்கே உங்களுக்குக் கீழே ரேங்க் ஆனவர் உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்து உங்களுக்கு இடம் கொடுப்பார். முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற பேச்சே இல்லை. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலை இங்கே செல்லாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும்.

ஒன்று, மனசுக்குப் பிடித்த வரிசையிலேயே லிஸ்ட் போடலாம். 'அங்கே எனக்குக் கிடைக்காது, அதனால் கீழே போடுகிறேன்' என்ற தந்திரத்தால் எந்த லாபமும் இல்லை. பத்தாவது இடத்தில் ஒரு மருத்துவமனையைச் சேர்ப்பதால் முதலிடத்தின் வாய்ப்பு குறையவும் குறையாது.

இரண்டு, இன்டர்வியூ நடக்காத இடத்தை லிஸ்ட்டில் போட்டுப் பயனில்லை. அவர்கள் லிஸ்ட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆக, உங்கள் லிஸ்ட் எவ்வளவு நீளம் என்பது இன்டர்வியூ சீசனிலேயே முடிவாகிவிடுகிறது.

சரி, ஒரு நம்பர் சொல்லுங்க. எத்தனை போதும்?

அமெரிக்க மாணவர்களிடையே 'ஒரு டஜன் இருந்தால் நிம்மதி' என்ற பேச்சு உண்டு. அதை அப்படியே நம்மவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் இந்த எண்கள். 2025 மேட்ச்சில் மொத்தம் 43,237 இடங்கள் இருந்தன. பதிவு செய்தவர்கள் 52,498 பேர். அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவர்களில் இடம் கிடைத்தது 58 சதவீதம் பேருக்கு.

இந்த 58-க்குள்ளேயே ஒரு சூட்சுமம் உண்டு. ரேங்க் லிஸ்ட் கொடுத்தவர்களை வைத்துத்தான் இந்தச் சதவீதம் போடப்படுகிறது. ஓர் அழைப்புகூட வராமல் லிஸ்ட் கொடுக்க முடியாமல் போனவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரு ஸ்கூல் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மருத்துவமனையில் உங்களுக்கு இடம் கிடைக்க 20 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது புரிவதற்காக நாம் வைக்கும் எண் மட்டுமே. அப்போது எங்காவது ஓர் இடத்தில் கிடைப்பதற்கான வாய்ப்பு:

- 5 இன்டர்வியூ: 67 சதவீதம்
- 10 இன்டர்வியூ: 89 சதவீதம்
- 15 இன்டர்வியூ: 96 சதவீதம்
- 20 இன்டர்வியூ: கிட்டத்தட்ட 99 சதவீதம்

கவனித்தீர்களா? ஐந்திலிருந்து பத்துக்குப் போகும்போது 22 புள்ளிகள் ஏறுகிறது. பதினைந்திலிருந்து இருபதுக்குப் போகும்போது ஏறுவது இரண்டு, மூன்று புள்ளிகள்தான். உழைப்பு அதே ஐந்து இன்டர்வியூ.

ஆனால், 20-க்குப் பதிலாக 10 சதவீத வாய்ப்பு என்று வைத்தால் கதை மாறுகிறது. 5 இன்டர்வியூவுக்கு 41, பத்துக்கு 65, இருபதுக்கு 88 சதவீதம். அதாவது, ஒவ்வோர் இடத்திலும் வாய்ப்பு குறைவாக உள்ளவருக்கு இருபதாவது இன்டர்வியூகூட வீண் இல்லை. விசா தேவைப்படுபவர், எம்.பி.பி.எஸ். முடித்து நிறைய வருடம் ஆனவர், ஒரு முறை தேர்வில் தவறியவர், போட்டி அதிகமுள்ள துறையைக் கேட்பவர் எல்லாம் இந்த இரண்டாவது வரிசையில் தங்களை வைத்துப் பார்ப்பது நல்லது.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நம்பர் கிடையாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் வராதது எது?

மேலே உள்ள கணக்கு, ஒவ்வொரு இன்டர்வியூவும் தனித்தனி அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை. இருபது இடத்திலும் பேசப்போவது நீங்கள் ஒருவர்தான். 'ஏன் இந்தத் துறை?' என்ற கேள்விக்குப் பதில் சொதப்பினால், இருபது இடத்திலும் அதே சொதப்பல்தான். ஒரே விடைத்தாளை இருபது பேர் திருத்துவதுபோல. அதனால் ஐந்து இன்டர்வியூவுக்குத் தயாராகாமல் போவதைவிட, முதல் இன்டர்வியூவுக்கு முன்பு நண்பர்களை வைத்து இரண்டு மாதிரி இன்டர்வியூ நடத்திப் பார்ப்பது பெரிய லாபம்.

அடுத்து, உடம்பு. நியூயார்க்கில் காலை 8 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு என்றால் 5.30. அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைக்கும் நாள் அது. கலிஃபோர்னியா என்றால் இரவு 9.30-க்குத் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டும். பகலில் டியூட்டி, இரவில் இன்டர்வியூ என்று ஒரே வாரத்தில் நான்கு வைத்தால், நான்காவதில் உட்கார்ந்திருப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள். வாரத்துக்கு இரண்டு, அதிகபட்சம் மூன்று என்று பிரித்து வாங்க முடிகிறதா பாருங்கள்.

மூன்றாவது, துறை. 16 அழைப்புகளில் 8 இன்டர்னல் மெடிசின், 8 ஃபேமிலி மெடிசின் என்றால், அது 16-தானா? எந்தத் துறையானாலும் சரி என்பவருக்கு 16. 'எனக்கு இன்டர்னல் மெடிசின் மட்டும்தான்' என்பவருக்கு 8.

அப்போ நான் என்ன செய்யணும்?

கைவசம் உள்ள எண்ணிக்கையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

*ஐந்து அல்லது அதற்குக் கீழ்:* யோசிக்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் போங்கள். ஊர் சின்னது, பனி அதிகம், பெயர் கேள்விப்பட்டதில்லை என்பதெல்லாம் காரணமே இல்லை. ஒன்றே ஒன்றுதான் வந்தது என்றாலும் தளர வேண்டாம். ஒரே ஒரு இன்டர்வியூவை வைத்துச் சீட் வாங்கியவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

*ஆறு முதல் பன்னிரண்டு:* பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் போவதுதான் சரி. எதையாவது விடுவதென்றால் வலுவான காரணம் இருக்கட்டும்.

*பன்னிரண்டுக்கு மேல்:* இங்கேதான் 'எதுக்கும் இருக்கட்டுமே' என்ற எண்ணம் வேலை செய்யும். இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அந்தக் கேள்வி, 'இது எனக்குப் பிடித்த இடமா?' என்பது இல்லை. 'மார்ச் மாதம் எனக்கு இந்த ஒரு சீட்தான் கிடைக்கும், இல்லையென்றால் சீட்டே இல்லை என்றால், எதை எடுப்பேன்?'

சீட் இல்லை என்பதன் விலை தெரிந்து பதில் சொல்லுங்கள். மேட்ச் வாரத்தின் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்ற ஒற்றை வரி மட்டும் வரும். கிடைக்காதவர்கள் மீதமுள்ள காலி இடங்களுக்கு அதே வாரத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு 'சோப்' என்று பெயர். அதிகபட்சம் 45 விண்ணப்பங்கள். விசா தேவைப்படும் மருத்துவர்களுக்கு அங்கே கதவு குறுகலானது. அதுவும் இல்லையென்றால் இன்னொரு வருடம், இன்னொரு கட்டணம். படிப்பு முடித்த வருடம் இன்னும் ஒன்று பழையதாகிவிடும். பல ப்ரோகிராம்கள் அதைப் பார்த்தே விண்ணப்பத்தை ஓரம் வைக்கின்றன.

இதையெல்லாம் தெரிந்தும் 'அந்த இடத்துக்குப் போவதைவிட ஒரு வருடம் காத்திருப்பேன்' என்று பதில் வந்தால், அந்த இன்டர்வியூவை விட்டுவிடுங்கள். எப்படியும் லிஸ்ட்டில் போட மாட்டீர்கள். 'இல்லைங்க, கிடைச்சா போவேன்' என்று வந்தால், உங்கள் எண்ணிக்கை இன்னும் நிம்மதி தரும் அளவுக்கு வரவில்லையென்றால் போங்கள்.

விசாவும் இதே இடத்தில் வருகிறது. ஜே1 விசாவில் போனால், பயிற்சி முடிந்தபின் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதற்கு விலக்கு வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்த பிறகு, எந்த விசா கொடுப்பார்கள் என்பதை இன்டர்வியூவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உங்களுக்கு ஒத்துவராத விசா மட்டும்தான் என்றால் அதுவும் விடுவதற்கு நியாயமான காரணம்.

நான் விட்டால் யாருக்கு லாபம்?

மதுரைக்காரர் ஞாபகம் இருக்கிறாரா?

2020 வரை இன்டர்வியூ என்றால் நேரில் போக வேண்டும். விசிட் விசா, விமான டிக்கெட், ஹோட்டல், பனிக்கு ஜாக்கெட். பத்தாவது இன்டர்வியூவுக்குள் பை காலி. அதனால் ஆட்கள் தாங்களாகவே சிலவற்றை விட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலான இன்டர்வியூக்கள் வீடியோவுக்கு மாறின. நம்மவர்களுக்கு இது பெரிய வரம்தான். ஆனால், செலவு போனதோடு விடுவதற்கான காரணமும் போய்விட்டது. அழைப்பு அதிகம் வாங்கியவர் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்கிறார். ஒரு ப்ரோகிராமிடம் இருப்பதோ குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்கள். ஒருவர் இருபது இடத்தில் உட்கார்ந்தால், அந்த இருபது நாற்காலியும் வேறு யாருக்கும் இல்லை.

கணினிப் பொருத்தத்தில் செல்லாத துண்டு, இங்கே செல்லுபடியாகிறது.

துறைகளும் இதைக் கவனித்தன. கண் மருத்துவத்தில் ஒருவர் ஏற்கக்கூடிய இன்டர்வியூக்களுக்கே உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். வேறு பல துறைகளில் 'சிக்னல்' முறை வந்தது. 'உங்கள் இடத்தில் எனக்கு நிஜமாகவே விருப்பம்' என்று குறிப்பிட்ட சில ப்ரோகிராம்களுக்கு மட்டும் விண்ணப்பத்திலேயே சொல்லலாம். எலும்பு மருத்துவத்தில் இப்படி 30 சிக்னல்கள் தருகிறார்கள்.

ஒருவர் விலகினால் காத்திருப்புப் பட்டியலில் இருந்து இன்னொருவரைக் கூப்பிடுவது வழக்கம். ஆனால், அதற்கு அவர்களுக்கு நேரம் வேண்டும். ஆகவே:

- விடுவது என்று முடிவெடுத்தால் அன்றைக்கே சொல்லுங்கள். இரண்டு வாரம் முன்பு சொன்னால் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும். முந்தின நாள் சொன்னால் யாருக்கும் இல்லை.
- ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று வரி மெயில் போதும். அழைப்புக்கு நன்றி, என்னால் வர முடியவில்லை, என் இடத்தை வேறொருவருக்குத் தாருங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை.
- சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பது மட்டும் கூடவே கூடாது. மருத்துவ உலகம் சின்னது. பின்னால் அதே கல்லூரியில் இருந்து விண்ணப்பிக்கும் ஜூனியர்களுக்கும் அது பாதிப்பு.
- மூன்று, நான்கு இன்டர்வியூ முடிவதற்குள் எதையும் ரத்து செய்ய அவசரப்படாதீர்கள். எது உங்களுக்குப் பிடிக்கும் என்பதே அதற்குப் பிறகுதான் புரியும்.
- 'வேற எங்கெல்லாம் இன்டர்வியூ இருக்கு? எங்களை எத்தனையாவதா போடுவீங்க?' என்று ப்ரோகிராம்கள் கேட்க மேட்ச் விதிகளில் இடமில்லை. கேட்டாலும் நீங்கள் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

அழைப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ரத்தாகும் இடங்களுக்குத் திடீரென்று மெயில் வரும். பதில் சொல்ல முந்துபவருக்கே தேதி கிடைக்கும் இடங்களும் உண்டு. மெயில் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்து வையுங்கள், ஸ்பேம் பெட்டியையும் தினமும் பாருங்கள். விருப்பமுள்ள ப்ரோகிராம்களுக்குச் சுருக்கமாக, மரியாதையாக ஒரு மெயில் அனுப்புவதில் தவறில்லை.

கடைசியாக...

ஈரோட்டு மருத்துவரிடம் திரும்பி வருவோம். பதினொன்றாவது இன்டர்வியூ முடிந்து அவர் கோட்டைக் கழற்றும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். மேசையில் மூடி வைத்த இட்லி ஆறிப்போயிருக்கும். மீதி ஐந்தில் மூன்று இடங்களுக்கு அவர் 'கிடைச்சா போவேன்' என்று சொல்கிறார். அவற்றை வைத்துக்கொள்ளட்டும், அதில் எந்தத் தப்பும் இல்லை. இன்னும் இரண்டு, எப்படியும் லிஸ்ட்டில் போடப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்தவை.

அந்த இரண்டு மெயில்களை இன்று இரவே அனுப்பிவிட்டால், அவருடைய வாய்ப்பு ஒரு புள்ளிகூடக் குறையாது. அடுத்த வாரம் வேறு யாரோ ஒருவருடைய இன்பாக்ஸில் மூன்றாவது அழைப்பு வந்து விழலாம்.